ஸ்ரீரங்கத்துக் கூச்சலும் கோதையின் ஃப்ரீ த்ரோவும்

விருத்தாசலத்தில் கண்ணாடிக் கடை நடத்தும் எனக்கு வாரத்தில் ஒரே நாள்தான் விடுமுறை. போன ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுபோய்த் திருச்சியில் செலவழித்தேன். காரணம், பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்து லீக். எட்டு அணிகள் ஆடும் அந்த லீக்கில் கடைசி இடத்தில் முடிக்கும் அணிக்கு அடுத்த ஆண்டு இடம் கிடையாது. திருச்சி அணி அந்தக் கடைசி இடத்தில்தான் இருந்தது. மிச்சம் ஒரே ஆட்டம், சொந்த ஊரில், சென்னை அணியோடு. ஜெயித்தால் தப்பிக்கும். தோற்றால் திருச்சிக்கு அணியே இருக்காது.

"பொம்பளைங்க பாஸ்கெட்பால் பாக்க திருச்சி வரைக்கும் போகணுமா?" என்று கேட்டார் என் கணவர். கிரிக்கெட் பார்க்க அவர் சென்னை வரை போனபோது நான் எதுவும் கேட்கவில்லை. அதைச் சொல்லிக் காட்டியதும் ஆள் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

துணைக்கு என் நாத்தனார் வசந்தி வந்தாள். கூடைப்பந்து உருண்டையா சதுரமா என்பதில்கூட அவளுக்கு அக்கறை இல்லை. "காலைல பெருமாள், சாயங்காலம் உங்க மேட்ச். சம்மதம்னா வரேன் அண்ணி" என்று நிபந்தனை போட்டாள். சம்மதித்தேன்.

விருத்தாசலத்திலிருந்து திருச்சிக்கு ரயிலில் இரண்டு மணி நேரம். கோயிலுக்கும் போகிறவர்கள் திருச்சி ஜங்ஷன் வரை போய்த் திரும்ப வேண்டாம். ஸ்ரீரங்கத்திலேயே நிற்கும் வண்டியாகப் பார்த்து ஏறுங்கள். நாங்கள் இறங்கும்போது மணி எட்டேகால். ஸ்டேஷனிலிருந்து ராஜகோபுரம் ஒரு கிலோமீட்டருக்குள்தான், நடந்துவிடலாம். ஆட்டோக்காரர் எண்பது ரூபாய் கேட்டார். நடந்தோம்.

ஞாயிறு என்பதால் தர்ம தரிசன வரிசை ஒன்றரை மணி நேரம் இழுத்தது. திரை விலகிப் பெருமாள் தெரிந்த கணத்தில் மொத்தக் கூட்டமும் "ரங்கா! ரங்கா!" என்று குரல் கொடுத்தது. மெதுவாகப் பேசும் வழக்கமெல்லாம் இந்த ஊரில் சாமியிடம் கிடையாது போலிருக்கிறது. வசந்தி கண்ணீர் விட்டாள். எனக்கும் உடம்பு சிலிர்த்தது, மறைப்பானேன். இந்தக் கூச்சலைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

மற்ற சந்நிதிகளையும் பார்த்து மத்தியானம் வெளியே வந்து, பிரசாத ஸ்டாலில் புளியோதரை சாப்பிட்டுவிட்டு, உத்திர வீதியில் துளசி மணி மாலை வாங்க ஒரு கடையில் நின்றோம். கடைக்குள் நாமக்கட்டிக்கும் குங்குமத்துக்கும் நடுவே திருச்சி அணியின் போஸ்டர் ஒட்டியிருந்தது. எனக்கு விசிலடிக்காத குறை.

"மாமா, நீங்க பாஸ்கெட்பால் பாப்பீங்களா?" என்று கேட்டேன்.

"ஒன்பதாம் நம்பர் நம்மாத்துக் கொழந்தைதான். கோதை" என்றார் கடைக்காரர் சேஷாத்ரி. "இத்தனை நாளா வடக்கே ஆடிண்டிருந்தா, இந்த வருஷம்தான் திருச்சிக்கு வந்தா. இதுவரைக்கும் மேட்செல்லாம் வெளியூர்லயே நடந்தது, போக முடியலை. இன்னிக்குத்தான் முதல் தடவையா பாக்கப் போறேன். தெருவே கெளம்பறது, வேன் பேசியிருக்கோம். நீங்களும் வாங்கோளேன்."

கோதையின் ஆட்டத்தை இரண்டு ஆண்டாக யூட்யூபில் பார்ப்பவள் நான். அவள் அப்பா எனக்குத் துளசி மாலை பொட்டலம் கட்டிக் கொடுக்கிறார்! ஆனால் நல்ல இடம் பிடிக்க வேண்டும் என்ற பதற்றத்தில் வேனை மறுத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் டவுன் பஸ் சத்திரம் வழியாக மத்தியப் பேருந்து நிலையம் போகிறது. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அங்கிருந்து மன்னார்புரம் இரண்டு கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு இருபது ரூபாய். உள்ளரங்கம் மன்னார்புரம் ரவுண்டானாவிலிருந்து ஐந்து நிமிட நடை. கேலரி டிக்கெட் நூறு ரூபாய். மூன்று மணிக்கே போய் நடுக்கோட்டுக்கு நேர் மேலே இடம் பிடித்தேன்.

மூன்றே முக்காலுக்கு ஸ்ரீரங்கத்து வேன்கள் வந்தன. பூக்காரம்மாக்கள், அர்ச்சகர் வீட்டு மாமிகள், ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள், பஞ்சகச்சத்தோடு சில பெரியவர்கள் என்று ஒரு அறுபது பேர். சேஷாத்ரி மாமா என்னைக் கண்டுபிடித்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். "தோத்துட்டா இந்தக் கொழந்தை மறுபடி வடக்கே போயிடுவா. ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம்தான் பாக்கலாம்" என்றார். அதுவரை எனக்கு அது ஓர் அணியின் கவலையாகத்தான் இருந்தது.

ஆட்டம் சரியாக நான்கு மணிக்குத் தொடங்கியது. திரையில் பார்ப்பதற்கும் நேரில் பார்ப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! தரையில் ஷூ கிறீச்சிடும் சத்தம், ஒருத்திமேல் ஒருத்தி மோதும் சத்தம், "பின்னாடி! பின்னாடி பாரு!" என்று அவர்கள் தங்களுக்குள் போடும் கூப்பாடு, எல்லாம் நம் மடியில் விழுகிறது. கோதை ஐந்தடி மூன்று அங்குலம்தான் இருப்பாள். ஆறடிப் பெண்களுக்கு நடுவே புகுந்து, பந்தோடு மறுபக்கம் வெளியே வந்துவிடுகிறாள். அவளை நிறுத்த முடியாமல் சென்னைப் பெண்கள் இடித்துத் தள்ளினார்கள். ஃபவுல். அவளுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ.

தெரியாதவர்களுக்காக: ஃபவுல் பட்டவள் கூடைக்கு எதிரே ஒரு கோட்டில் தனியாக நின்று, யாரும் தடுக்காமல் பந்தை எறியலாம். உள்ளே போனால் ஒரு புள்ளி. நம் ஆள் எறியும்போது ரசிகர்கள் மூச்சுவிடாமல் இருப்பார்கள். எதிரணி எறியும்போது ஊளையிட்டுக் கவனத்தைக் கலைப்பார்கள். உலகம் முழுக்க இதுதான் வழக்கம்.

ஸ்ரீரங்கத்துக்கு இது தெரியாது. கோதை கோட்டில் வந்து நின்றாளோ இல்லையோ, அறுபது பேரும் எழுந்து "ரங்கா! ரங்கா!" என்று கூரை அதிரக் கத்தினார்கள். என் உயிரே போய்விட்டது. எப்படியோ இரண்டும் உள்ளே போயின. அடுத்து சென்னைப் பெண் ஒருத்தி எறிய வந்தாள். அறுபது பேரும் அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்து வாய் பொத்திக்கொண்டார்கள்.

"மாமா, இப்பதான் கத்தணும்!" என்றேன்.

"பாவம், வெளியூர்லேர்ந்து வந்திருக்கா. நிம்மதியா போடட்டுமே" என்றார்.

அவள் நிம்மதியாகப் போட்டாள், இரண்டையும்.

இடைவேளையில் திருச்சி நான்கு புள்ளி பின்தங்கியிருந்தது. என்னால் பொறுக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் மூன்று ஆண்டு ஆடியவள் அல்லவா, எழுந்து நின்று அறுபது பேருக்கும் வகுப்பெடுத்தேன். "நம்ம பொண்ணு போடும்போது ஒரு சத்தம் வரக்கூடாது. அவங்க போடும்போது கத்துங்க!" எல்லோரும் பொறுமையாகக் கேட்டுத் தலையாட்டினார்கள். வசந்திகூட "அண்ணிக்கு எல்லாம் தெரியும்" என்று பெருமையாகச் சொன்னாள்.

மூன்றாவது குவார்ட்டரில், அதாவது ஆட்டத்தின் மூன்றாவது பத்து நிமிடத்தில், சென்னைப் பெண் எறிய வந்தபோது ஸ்ரீரங்கம் ஊளையிட்டது. அதை ஊளை என்று சொன்னால் ஊளைக்கு அவமானம். ஒரு பூக்காரம்மா நடுவில் நிறுத்தி, "தப்பா நெனச்சுக்காதம்மா!" என்று அந்தப் பெண்ணைப் பார்த்துக் கும்பிட்டார். அவள் சிரித்துக்கொண்டே கூடையில் போட்டாள்.

பிறகு கோதை முறை. நான் விரலை உதட்டில் வைத்தேன். அரங்கம் நிசப்தமானது. ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது. கோதை பந்தைத் தட்டினாள், நிறுத்தினாள், தலையைத் தூக்கி எங்கள் பக்கம் பார்த்தாள். எறிந்தாள். வளையத்தில் பட்டு வெளியே போனது. இரண்டாவதும் வெளியே. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி இரண்டு, மறுபடி வெளியே. சேஷாத்ரி மாமா கண்ணை மூடிக்கொண்டார். வித்தியாசம் ஒன்பது புள்ளியாகிவிட்டது. அடுத்த ஆண்டு இந்த அரங்கம் காலியாக இருக்கும் என்று நினைத்தபோது எனக்கு அழுகை முட்டியது.

டைம் அவுட் கேட்டார்கள். மற்றவர்கள் தண்ணீர் குடிக்கப் போக, கோதை நேராக எங்கள் கேலரிக்குக் கீழே வந்து நின்றாள்.

"அப்பா! ஏன் எல்லாரும் எழவு வீடு மாதிரி உக்காந்திருக்கேள்?"

"சத்தம் போடப்படாதுன்னு இவா சொன்னாம்மா" என்று மாமா என்னைக் காட்டினார். பூமி பிளந்திருந்தால் உள்ளே போயிருப்பேன்.

"அக்கா, நான் பந்து போடப் பழகினதே சித்திரை வீதி ஸ்கூல் கிரவுண்டுல" என்றாள் மூச்சு வாங்க. "சுவருக்கு அந்தப் பக்கம் வருஷம் பூரா பெருமாள் புறப்பாடு. மேளம், பாசுரம் பாடற கோஷ்டி, 'ரங்கா'ன்னு கூச்சல். அதுலதான் எனக்குக் கை நிக்கும். அமைதியா இருந்தா ஊரே என்னைப் பாக்கற மாதிரி இருக்கு. கத்தச் சொல்லுங்கக்கா!"

சொல்லி முடிக்கும் முன் விசில். அவள் ஓடிவிட்டாள்.

அதன் பிறகு நடந்ததை எழுதும்போது இப்போதும் கை பரபரக்கிறது. கடைசி குவார்ட்டர் முழுக்க ஸ்ரீரங்கம் உட்காரவே இல்லை. மன்னார்புரத்துக் காலேஜ் பிள்ளைகள் ஒரு பக்கம் பிளாஸ்டிக் பக்கெட்டைத் தட்ட, இந்தப் பக்கம் கோஷம். திருச்சி ஒன்பதை ஆறாக்கியது, ஆறை மூன்றாக்கியது. கோதைக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, இரண்டும் உள்ளே. நான்கு விநாடி மிச்சம் இருக்கும்போது ஸ்கோர் பலகையில் சென்னை 62, திருச்சி 61. கோதை உள்ளே புகுந்தாள், இரண்டு பேர் அவளைத் தரையில் சாய்த்தார்கள். விசில். ஃபவுல்.

அவள் எழுந்து முட்டியைத் துடைத்துக்கொண்டு கோட்டுக்கு வந்தாள். நான் பெஞ்ச்மேல் ஏறி நின்றேன். நாற்பத்தாறு வயது, மூக்குக் கண்ணாடி, பட்டுப்புடவை.

"ரங்கா!" என்று ஆரம்பித்தது நான்தான்.

காலையில் சந்நிதியில் கேட்ட அதே சத்தம் அறுபது தொண்டையிலிருந்து எழுந்தது. பக்கெட்காரப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். பந்து வளையத்தைத் தொடாமல் விழுந்தது. 62–62. சத்தம் குறையவில்லை. இரண்டாவது வளையத்தின் மேல் ஒரு சுற்று சுற்றி, யோசித்து, உள்ளே விழுந்தது. சென்னை கடைசி விநாடியில் நடுக்கோட்டிலிருந்து எறிந்த பந்து கூடைப் பலகை வரைக்கும்கூட வரவில்லை.

ஜெயித்தோம்! திருச்சி அணி திருச்சியிலேயே இருக்கும்! அர்ச்சகர் வீட்டு மாமி ஒருத்தர் என்னைக் கட்டிப்பிடித்து ஆடினார். மகள் கீழே இருந்து கையாட்ட, சேஷாத்ரி மாமா வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துத் துடைத்து முடியவில்லை. கோதை என்னைப் பார்த்துத் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கும்பிட்டாள். எனக்குக் கடையில் ஐநூறு கண்ணாடி விற்றாலும் அந்தச் சந்தோஷம் வராது.

வேனில் எங்களையும் ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் இறக்கிவிட்டார்கள். காவிரிப் பாலத்தைத் தாண்டும் வரை வேனுக்குள் ஆட்டத்தை மறுபடி ஒருமுறை ஆடி முடித்தார்கள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கேலரி சிமென்ட் படிக்கட்டு, உட்கார ஒரு துண்டு கொண்டுபோங்கள். தண்ணீர் பாட்டிலை உள்ளே விடுகிறார்கள். பஸ்ஸில் ஊர் திரும்புகிறவர்கள், வெளியூர் வண்டிகள் பல இப்போது பஞ்சப்பூரிலிருந்து கிளம்புவதால் அங்கே போக அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். கோயிலும் ஆட்டமும் ஒரே நாளில் வேண்டுமென்றால் கோயிலைக் காலையிலேயே முடித்துவிடுங்கள், மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். என்னைப் போல விதிமுறை தெரிந்தவர்கள் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடச் சொன்னால், கேட்காதீர்கள்.

ரயிலில் திரும்பும்போது என் கணவர் போன் செய்தார். எனக்குத் தொண்டை சுத்தமாகக் கட்டிவிட்டது, காற்றுதான் வந்தது. போனை வசந்தியிடம் கொடுத்தேன்.

"உன் அண்ணி மேட்ச் என்ன ஆச்சு?" என்று அவர் கேட்டது எனக்கே கேட்டது.

"அண்ணி மேட்ச் என்னண்ணே அண்ணி மேட்ச்" என்றாள் வசந்தி, தன் கம்மிய குரலில். "நாங்க ஜெயிச்சிட்டோம்."