மண்ணெண்ணெய்க்குப் போகாத நீலம்

என் முதல் உத்தியோகம் சித்தப்பாவின் விரல்களைத் துடைப்பது. சம்பளம் ஒரு பொட்டலம் சாத்தூர் சேவு என்று பேச்சு. அந்த உத்தியோகத்திலேயே நான் உருப்படவில்லை. பிற்பாடு பார்த்த வேலைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

சித்தப்பா சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மெஷின் ஓட்டினார். காலண்டர் சீசனில் கையில் எல்லாக் கலர் மையும் ஏறியிருக்கும். விரல் நுனிகள் உருண்டு, நகங்கள் கவிழ்த்த கரண்டி மாதிரி வளைந்திருந்தன. தாள் கட்டைத் தட்டித் தட்டி அப்படி ஆகிவிட்டது என்று அப்பா விளக்கம் வைத்திருந்தார். உதடு கறுநீலமாக இருந்ததற்கு சிகரெட் என்று இன்னொரு விளக்கம். சித்தப்பா சத்தியம் செய்தும் யாரும் நம்பவில்லை. நானே அவர் சட்டைப் பையை மோப்பம் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படாததால், ஆள் பலே கெட்டிக்காரர் என்று முடிவுகட்டினேன். மாடி ஏறும்போது பாதியில் நின்றுவிடுவார். எனக்காக நிற்பதாகச் சொல்வார். நான் அதற்குள் மொட்டைமாடியில் நின்றுகொண்டிருப்பேன்.

சாத்தூரில் அவருக்குப் பெண் பார்க்கப் போகிற அன்று காலையில், அம்மா என்னிடம் மண்ணெண்ணெயும் பழைய பனியன் துணியும் கொடுத்தாள். கறுப்பு போனது. சிவப்பு போனது. மஞ்சள்கூடப் போனது. நீலம் மட்டும் நகத்தை விட்டு அசையவில்லை.

"விடுட்டி, நகம் கழண்டு கையோட வந்திரப் போகுது," என்றார் சித்தப்பா. "அந்தப் பொண்ணுக்கு நீலம் பிடிச்சாலும் பிடிக்கும்."

பெண், விருதுநகரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். காபித் தட்டோடு வந்த அந்த அக்கா, சித்தப்பா டம்ளரை எடுத்த பிறகும் நகரவில்லை. மாப்பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டிய நேரத்தில் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் வேலையின் லட்சணம் தெரிந்துவிட்டது என்று நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் பதுங்கினேன். நகம் எப்போதிருந்து இப்படி இருக்கிறது என்று அக்கா கேட்டாள். அது மெஷின் மை என்று அப்பா சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. இரண்டு ஆள்காட்டி விரல்களையும் நகத்தோடு நகம் ஒட்டி வைக்கச் சொன்னாள்.

சித்தப்பா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வைத்தார். நானும் வைத்தேன். என் நகங்களுக்கு நடுவே டைமன் வடிவில் குட்டியாக ஒரு ஜன்னல் தெரிந்தது. அதன் வழியே வெளிச்சம் வந்தது. சித்தப்பாவின் நகங்களோ இடுக்கே இல்லாமல் முட்டிக்கொண்டு நின்றன. எனக்கு ஜன்னல் இருக்கிறது, சித்தப்பாவுக்கு இல்லை என்று கத்தினேன். அம்மா தொடையில் கிள்ளினாள்.

அக்கா அவர் கழுத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து காலைத் தொட்டாள். தன் பெண்ணுக்குத்தான் எவ்வளவு மரியாதை தெரிகிறது என்று அவள் அம்மா பூரித்துப்போனார். அக்கா கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தாள். விரல் வந்துவிட்டது, பள்ளம் அங்கேயே இருந்தது.

"படுத்தா மூச்சு முட்டுதா? ரெண்டு தலகாணி வைக்கீகளா?"

"மூணு," என்றார் சித்தப்பா, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"இது மை இல்ல. சீசன் முடியட்டும்னு இருந்திராதீக. நாளைக்கே மதுரைக்குப் போயி நெஞ்சக் காட்டுங்க."

அப்பா எழுந்துவிட்டார். தெருவுக்கு வந்ததும், "பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதான? சீக்காளிப் பட்டம் எதுக்குக் கட்டணும்?" என்றார். சேவுக் கடையை வேகமாகக் கடந்தோம். நீலத்தை ஒழுங்காகத் துடைத்திருந்தால் கல்யாணம் நடந்திருக்கும் என்று நம்பியதால், நானும் சம்பளம் கேட்கவில்லை.

மறுநாள் மதுரைக்கு யாரும் போகவில்லை. கம்பெனியில் ஆர்டர் குவிந்து கிடந்தது. அதோடு, ஆஸ்பத்திரி வாசலை மிதித்தால் அவள் சொன்னது நிஜம் என்று ஆகிவிடுமே, பிறகு எவன் பெண் கொடுப்பான் என்பது அப்பாவின் கவலை. சித்தப்பாவால் உட்கார்ந்துகொண்டும் தூங்க முடியாமல் போன பிறகுதான் அழைத்துப்போனார்கள். அங்கிருந்த டாக்டரும் முதலில் நகத்தோடு நகம் ஒட்டி வைக்கத்தான் சொன்னாராம். பிறவியிலேயே இதயத்தில் கோளாறு, ரொம்பத் தாமதமாக வந்திருக்கிறீர்கள் என்றாராம்.

தை பிறந்து, அவர் அச்சடித்த காலண்டர்கள் ஊரெல்லாம் சுவரேறியபோது அவர் இல்லை. கூடத்தில் கிடத்தியிருந்தபோது அவர் கைகளைப் பார்த்தேன். ஒரு பொட்டு மை இல்லை. நீலம் இருந்தது.

பெண் பார்த்துவிட்டு அன்று சாத்தூரிலிருந்து திரும்பிய பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு, பக்கத்தில் சித்தப்பா. அப்பா பார்க்காதபோது அவர் மறுபடி நகங்களை ஒட்டி, கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். பிறகு, "ஏட்டி, ஒன் ஜன்னலக் காட்டு," என்றார். நான் பெருமையோடு விரல்களைச் சேர்த்து அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியே பார்த்தார், பார்த்துக்கொண்டே வந்தார். வெளியே கருவேல மரங்களும் தீப்பெட்டி ஆபீஸ்களும்தான் ஓடின. தினமும் பார்க்கிற இதில் இம்புட்டு நேரம் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. கை வலித்தது. ஜன்னலை மூடிவிட்டேன்.