ஸ்டெப்னி இல்லாத வண்டி

வீல் அலைன்மென்ட் கடை வைத்திருக்கும் அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டோடு சரி. கடைத்தெருவில் அவன் பெயர் ஸ்டெப்னி. இளவட்டமாக இருந்தபோது சிநேகிதன் நெட்டை எங்கே போனாலும் இவனும் பின்னாலேயே போவான். கடையில் முதலாளி நெட்டை, கூட்டாளி இவன். வண்டி ஓட்டுவது நெட்டை, பக்கத்தில் உட்காருவது இவன். "நாலு சக்கரமும் ஓடும், இது சும்மா கூடவே வரும்" என்று யாரோ சொல்லி வைத்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. இவனும் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தான். பல்லைக் காட்டிச் சிரிக்கவும் செய்தான்.

பிறகு நெட்டை செத்துப்போனான். காய்ச்சல் என்று படுத்தவன்தான், எழுந்திருக்கவில்லை. அவன் மகளுக்கு அப்போது பால் பல் விழுகிற வயது. இவன் கடையைப் பார்த்துக்கொண்டான், காய்கறி வாங்கிக் கொடுத்தான், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டான். சில வருஷம் கழித்து, ஊர் வாயை மூட ஒரே வழிதான் இருந்தது. நெட்டையின் மனைவியைப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக் கட்டிக்கொண்டான். வெளியே வந்தபோது மழை தூறியது. "அண்ணி, குடையை எடுத்துக்கோங்க" என்றான். சாட்சிக்கு வந்திருந்த கடைப் பெயிண்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அன்றிலிருந்து அவனை யாரும் ஸ்டெப்னி என்று கூப்பிடவில்லை.

அதுதான் அவனுக்கு முள்ளாகக் குத்தியது. சிரித்துக்கொண்டே கூப்பிட்டிருந்தால் சரி என்று விட்டிருப்பான். அந்தச் சொல்லுக்கு இப்போது வேறு அர்த்தம் வந்துவிட்டது என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. கடைக்கு வருகிறவன்கூட, "அண்ணே, அந்த அஞ்சாவது சக்கரத்துக்கும் காத்து அடிச்சிடுங்க" என்று சுற்றி வளைத்துப் பேசினான். சொல்லாத சொல்லுக்குத்தான் சத்தம் அதிகம்.

வீட்டிலும் அப்படித்தான். மகள் அவனைச் சித்தப்பா என்பாள். மனைவி அவனை "இங்க பாருங்க" என்பாள். நெட்டையை மட்டும்தான் அவள் "என்னங்க" என்று கூப்பிட்டாள். அந்த "என்னங்க" சமையலறையிலிருந்து கிளம்பி ஷெட் வரைக்கும் வரும். வண்டிக்கு அடியில் படுத்திருக்கும் இரண்டு பேருமே நிமிர்ந்து பார்ப்பார்கள். இப்போது அந்தச் சொல்லும் வீட்டில் இல்லை. இவனும் அவளை "நீங்க" என்றே சொல்லிப் பழகிவிட்டான். மரியாதை ஒருமுறை ஒட்டினால் லேசில் உரியாது.

மிச்சம் இருந்தது வண்டி. ஷெட்டில் தார்ப்பாய்க்குக் கீழே நின்றது. இரண்டு கதவு, தாழ்ந்த உடம்பு, சிவப்பு நிறம். அந்த ஸ்போர்ட்ஸ் கார் மாடலில் முதல் தலைமுறை. விபத்தில் நசுங்கிக் குப்பையில் கிடந்ததை இரண்டு பேரும் கொண்டுவந்து, தகரம் தகரமாகத் தட்டி எடுத்து உயிர் கொடுத்தது. நெட்டையின் கால் நீளத்துக்கு டிரைவர் சீட் தண்டவாளத்தின் கடைசிப் பல்லில் போய் நின்றது. அவன் போன பிறகும் அங்கேயே நின்றது. இவன் ஆள் கட்டை. சீட்டை முன்னால் இழுக்க ஒரு நெம்புகோல் போதும். ஆனால் அதில் கை வைக்க இவனுக்கு மனசு வரவில்லை. அவள் பார்த்தால் என்ன நினைப்பாள்? முதுகுக்கு ஒரு தலையணை வைத்து, நுனியில் உட்கார்ந்து ஓட்டினான். அவள் கதவோரம் நின்று பார்ப்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள். தலையணை நைந்தபோது மட்டும் புதிதாக ஒன்று தைத்துக் கொண்டுவந்து வைத்தாள்.

இன்னொன்றும் இருந்தது. சில நாள் சாயங்காலம் கடையிலிருந்து வந்து தார்ப்பாயைத் தூக்கினால் பானெட் சூடாக இருக்கும். ஆறுகிற இரும்பு டிக், டிக் என்று பேசும். சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். சீட் கடைசிப் பல்லில் இருக்கும். ஸ்டியரிங்கைத் தொட்டால் யாரோ இப்போதுதான் கையை எடுத்த மாதிரி இருக்கும். அவன் யாரையும் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

இப்படி இருக்கும்போதுதான் கார் புரோக்கர் வந்தார்.

"அண்ணே, உங்க அதிர்ஷ்டம். ஒரு பைத்தியம் முதல் ஜெனரேஷன்தான் வேணும்னு ஒத்தைக் கால்ல நிக்குது. இதைக் குடுத்தா, அதே வண்டியில மூணாவது ஜெனரேஷன் குடுக்கிறாராம். மேல ஒரு பைசா வேணாம். சனிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க."

"கார்லயும் தாத்தா, பேரன் வந்தாச்சா?"

"வந்தாச்சு. பேரன் பறக்கிறான். ஏர்பேக், ஏபிஎஸ், ஆட்டோ கியர். நம்ம பொண்ணு ஓட்டப் பழகுதில்ல? இந்தத் தாத்தாவை நம்பி அதை ரோட்டுக்கு அனுப்புவீங்களா?"

அது சரியான இடத்தில் விழுந்த அடி. பழைய வண்டியில் சீட் பெல்ட் தவிரக் காப்பாற்ற ஒன்றும் கிடையாது. கடையில் பெயிண்டரிடம் யோசனை கேட்டான்.

"மாத்திடு" என்றார் பெயிண்டர். "பழைய வண்டிங்கிறது முதல் புருஷன் மாதிரி. போனாலும் அவன்தான் ஓட்டினவன்னு..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "நான் பொதுவா சொன்னேன்யா."

"நானும் பொதுவாத்தான் கேட்டேன்" என்றான் அவன்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது வீட்டில் சொன்னான். மகள் துள்ளினாள். மனைவி தட்டைப் பார்த்துக்கொண்டே, "உங்க இஷ்டம்" என்றாள். அவனுக்கு வேண்டியது வண்டியைப் பற்றிய பதில் இல்லை. அந்தச் சீட் காலியாக இருக்க வேண்டும் என்கிறாளா, இவன் உட்காரலாம் என்கிறாளா, அது தெரிந்தால் போதும். 'உங்க இஷ்டம்' என்பதில் அது இல்லை. "ரெண்டு பேரும் வந்து பாருங்க, பார்த்துட்டு முடிவு பண்ணலாம்" என்றான்.

மூன்று பேரும் பழைய வண்டியிலேயே போனார்கள். பின்சீட் என்று பெயருக்கு இருந்த இடத்தில் மகள் துணி மடித்த மாதிரி மடங்கிக் கிடந்தாள்.

புரோக்கர் சொன்ன இடத்தில் புதுசு பளபளவென்று நின்றது. வண்டியைக் காட்ட வந்திருந்த இளைஞன் வாய் மூடவில்லை. "உட்காருங்க சார். இந்த ஒண்ணாம் நம்பர் பட்டனை அழுத்திப் பிடிங்க. உங்க உயரம், கண்ணாடி, எல்லாம் ஞாபகம் வெச்சுக்கும். வேற யார் ஓட்டினாலும், நீங்க வந்து அழுத்தினா சீட்டு உங்க இடத்துக்குத் தானா வந்துடும்."

"ஆள் செத்துட்டா?" என்று கேட்டுவிட்டான் அவன்.

இளைஞன் சிரித்தான், நகைச்சுவை என்று நினைத்து. "அழிக்கிறவரைக்கும் இருக்கும் சார்."

ஓட்டிப் பார்த்தான். வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போனது. பழையது பள்ளத்தில் விழுந்தால் முதுகெலும்பு எண்ணிச் சொல்லும், இதில் பள்ளமே தெரியவில்லை. மிதித்தால் உறுமியது. "சத்தம் நல்லா இருக்கே" என்றான். "அது ஸ்பீக்கர்ல வர்றது சார். இஞ்சின் அமைதி. வேணாம்னா அணைச்சிடலாம்." அவனுக்கு உடம்பு ஒருமாதிரி சிலிர்த்தது. இல்லாத ஒன்று உறுமுகிற வீட்டிலிருந்துதானே வந்திருக்கிறான்.

இறங்கி டிக்கியைத் திறந்தார்கள். மேல் விரிப்பைத் தூக்கினால், சக்கரம் இருக்கவேண்டிய குழியில் ஒரு சின்ன டப்பா.

"இதென்ன?" என்றாள் மகள்.

"பஞ்சர் ஆனா இதுல நுரை அடிச்சிக்கலாம் மேடம். இந்த ஜெனரேஷன்ல ஸ்டெப்னியே கிடையாது. ஸ்டெப்னி எதுக்கு சார், சும்மா வெயிட்டு! ஸ்டெப்னிக்கெல்லாம் காலம் போச்சு."

இத்தனை வருஷமாக அவன் முன்னால் யாரும் சொல்லாத சொல்லை, ஒரு வேற்று ஆள் மூன்று தடவை சொல்லிவிட்டான். மகள் காலணியைப் பார்த்தாள். அவனுக்குக் காது மடல் சுட்டது.

மனைவி டிக்கியை மூடினாள். நிதானமாகத்தான் மூடினாள்.

"ஸ்டெப்னி இல்லாத வண்டி எங்களுக்கு வேணாம் தம்பி" என்றாள்.

அவள் சிரித்துச் சொன்னாளா, இரக்கப்பட்டுச் சொன்னாளா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் அதற்குள் மகளைப் பின்னால் ஏற்றிவிட்டு, பழைய வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

அவன் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தான். தலையணையை எடுத்துப் பின்னால் மகள் மடியில் போட்டான். சீட்டுக்கு அடியில் கையை விட்டு நெம்புகோலைத் தேடினான். இத்தனை வருஷம் நகராத இரும்பு, துருப்பிடித்துக் கல்லாகியிருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான்.

சீட் வழுக்கிக்கொண்டு வந்தது.

குனிந்து பார்த்தான். தண்டவாளம் தேய்ந்து வெள்ளி மாதிரி மின்னியது. புது கிரீஸ். பிடரி மயிர் எழுந்து நின்றது. "யாரு..." என்றான். "யாரு இதை நகர்த்தறது?"

"நான்தான்" என்றாள் மனைவி.

"நீயா?" மரியாதை எப்போது நழுவியது என்று அவனுக்கே தெரியாது.

"என் காலு எட்டணுமில்ல? பேட்டரி செத்துடும்னு நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி எடுத்துத் தெருக்கோடி வரைக்கும் போயிட்டு வருவேன். ஆரம்பத்துல சும்மா உள்ள உட்கார்ந்திருக்கத்தான் போனேன். பொய் சொல்லமாட்டேன், அவரை நெனச்சுத்தான் உட்கார்ந்தேன். அப்புறம் ஓட்ட ஆரம்பிச்சேன். ஓட்டறப்ப யாரையும் நெனைக்க முடியல, ரோட்டைத்தான் பார்க்க முடியுது."

"அப்புறம் எதுக்கு மறுபடியும் பின்னாடி தள்ளி வெச்ச?"

"நீங்க அதை அங்கதான் வெச்சிருந்தீங்க. உங்க சிநேகிதன் இடம், உங்களுக்கு அப்படியே இருக்கணும் போலன்னு நெனச்சேன்."

"நான் உனக்காகன்னு நெனச்சேன்."

பின்சீட்டிலிருந்து மகள் தலையணையை உயர்த்திக் காட்டினாள். "ரெண்டு பேரும் ரொம்ப நல்லா இருக்கீங்க. நடுவுல இதுக்கு மூணு உறை கிழிஞ்சிடுச்சு. சித்தப்பா, வண்டியை எடுங்க, எனக்குக் கால் மரத்துப்போச்சு."

எடுத்தான். கால் கிளட்சை முழுசாக மிதித்தது. அந்த வண்டியில் முதல்முறையாக முதுகு சாய்ந்து உட்கார்ந்தான். சிக்னலில் சிவப்பு. நின்றார்கள். பச்சை விழுந்ததும் முதல் கியரில் கிளப்பினான்.

கிளாக்.

சீட் அவனைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய்க் கடைசிப் பல்லில் நின்றது. கால் கிளட்சை விட்டது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. பின்னால் ஹாரன்கள் கத்தின. பச்சை போய்ச் சிவப்பு வந்தது.

"நான் ஓட்டறப்ப ஒருநாளும் இப்படி ஆனதில்ல" என்றாள் மனைவி மெதுவாக.

பல் தேய்ந்திருக்கும். அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும். அவனுக்குத் தெரியாததா? ஆனால் கை நெம்புகோலுக்குப் போகவில்லை. மகள் தலையணையை முன்னால் நீட்டினாள். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. நெட்டையின் நெற்றி, நெட்டையின் புருவம். அவன் தலையணையை வாங்கவில்லை.

"டேய் நெட்டை" என்றான் அவன், சத்தமாக. அந்தப் பெயரை மனைவி முன்னால் இத்தனை வருஷத்தில் அவன் சொன்னதே இல்லை. "கொஞ்சம் தள்ளிக்கோடா. எல்லாரும் வீட்டுக்குப் போகணும்."

நெம்புகோலைப் பிடித்து இழுத்தான். சீட் முன்னால் வந்தது. உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு தரம் குலுக்கிப் பார்த்தான். நின்றது. இஞ்சினைக் கிளப்பினான். சீட்டுக்கு அடியில் இரும்பு கரகரத்தது.

"என்னங்க, பச்சை விழுந்திடுச்சு" என்றாள் அவள்.

அவள் யாரைக் கூப்பிட்டாள் என்று அவன் கேட்கவில்லை. வண்டியை எடுத்தான்.