பின்னால் போகாத மைர்னா

வண்டி நின்றதும் மைர்னா இறங்கிவிட மாட்டார். முதலில் பின் சீட்டை எட்டிப் பார்ப்பார். பிறகு குனிந்து சீட்டுக்கு அடியிலும் ஒரு பார்வை. அது சொந்த பிக்கப்பாக இருந்தாலும் சரி, கடைக்குக் கூட்டிப்போன தோழியின் காராக இருந்தாலும் சரி. ஸ்கூல் பஸ் ஓட்டிய காலத்துப் பழக்கம். ஏதாவது ஒரு வாண்டு தூங்கிப்போய்ச் சுருண்டு கிடக்கும். அதைக் கவனிக்காமல் பூட்டிவிட்டுப் போனால் வேலையும் போகும், நிம்மதியும் போகும். பஸ்ஸை ஒப்படைத்து ஓய்வு பெற்றாயிற்று, கண் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. "யாரும் இல்லியே?" என்று காலி சீட்டைக் கேட்டுவிட்டுத்தான் கதவைச் சாத்துவார்.

கனடாவின் சஸ்காட்செவனில் அந்தப் பக்கத்துப் பண்ணை வீடுகளின் பிள்ளைகள் பாதிப் பேர் அவர் பஸ்ஸில் வளர்ந்தவர்கள்தான். பனிப்புயலில் சாலை எது, வயல் எது என்று தெரியாத காலையிலும் அவர் பஸ் வாசலுக்கு வந்து நிற்கும். எதிரே வரும் லாரிக்காரர்களே ஒதுங்கி வழி விடுவார்கள். இத்தனை வருஷ சர்வீசில் அவர் செய்யாத காரியம் ஒன்று உண்டு. ரிவர்ஸ் எடுத்ததே இல்லை. ஸ்கூல் பஸ்ஸைப் பின்னால் எடுக்கக் கூடாது, பின்னால் பிள்ளை நின்றால் தெரியாது என்பது அந்தத் தொழிலில் வேதவாக்கு. ஒரு வாசலைத் தவறவிட்டால் வயல்களைச் சுற்றி மைல் கணக்கில் ஓட்டி மறுபடி அதே வாசலுக்கு வருவாரே தவிர, ஓரடி பின்னால் போக மாட்டார். "பின்னாடி போறதுக்கு என்ன இருக்கு? பிள்ளைங்கல்லாம் முன்னாடிதான நிக்குதுங்க" என்பார்.

இந்தக் கொள்கையால் குடும்பத்தில் ஒரு குறையும் வந்ததில்லை. ரிவர்ஸ் எடுக்கக் கணவர் ஒரெஸ்ட் இருந்தார். ஒவ்வொரு கோடையிலும் படுக்கையும் அடுப்பும் வைத்த சக்கர வீடான கேம்பிங் டிரெய்லரை பிக்கப்பில் கோத்துக்கொண்டு ஹெரான் ஏரிக்குப் போவார்கள். தண்ணீரை ஒட்டிய அவர்களுடைய இடத்துக்கு இரண்டு பாப்ளர் மரங்களுக்கு நடுவே டிரெய்லரைப் பின்பக்கமாகத்தான் நுழைக்க வேண்டும். ஒரெஸ்ட் கழுத்தைத் திருப்பிப் பார்த்து ஓட்டுவார். மைர்னா பின்னால் நின்று கை காட்டுவார். ஏரிக்கரையில் எந்த டிரெய்லர் வந்தாலும் சுற்றியிருப்பவர்கள் மடக்கு நாற்காலியை இழுத்துப்போட்டு, காபிக் கோப்பையோடு உட்கார்ந்துவிடுவார்கள். இலவசக் காட்சி. புருஷன் பெண்டாட்டி சண்டை மூண்டால் இன்னும் ருசி. இவர்கள் இரண்டு பேரும் அந்த ருசியை ஒருநாளும் கொடுத்ததில்லை.

இந்த வருஷம் ஒரெஸ்ட்டின் கழுத்தில் ஆபரேஷன். எலும்பைத் திருகாணி போட்டு இறுக்கிவிட்டார்கள். இனி பக்கவாட்டில் பார்க்க வேண்டுமென்றால் உடம்போடு சேர்ந்துதான் திரும்பியாக வேண்டும். வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொன்னதும் அவர் டிரெய்லரை விற்றுவிடலாம் என்றார். மைர்னா காதில் வாங்கவில்லை. வெள்ளிக்கிழமை தானே ஓட்டிக்கொண்டு கிளம்பினார். நெடுஞ்சாலையில் ராணி மாதிரி வந்தார். ஏரிக்கரையில்தான் வினை காத்திருந்தது.

ஒரெஸ்ட் ஓட்டுவதைப் பார்த்துப் பார்த்துப் பழகியபடியே, சீட்டில் பாதி எழுந்து, கழுத்தை ஒடித்துப் பின்னால் பார்த்து ரிவர்ஸ் போட்டார். ஸ்டீயரிங்கை இடது பக்கம் திருப்பினால் டிரெய்லர் வலது பக்கம் போயிற்று. வலது பக்கம் திருப்பினால் அது மரத்தைப் பார்த்துப் போயிற்று. ஒரு கட்டத்தில் பிக்கப்பும் டிரெய்லரும் முழங்கை மாதிரி மடங்கிச் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. நாற்காலிகள் வரிசையாக வந்துவிட்டன. பக்கத்து இடத்துக்காரர் கார்ல்தான் முன்வரிசை.

"என்னா டிரைவரம்மா, ஏரிக்குள்ளயே எறக்கப் போறியா?"

"நீ காபியக் குடி, கார்ல். ஆறிடப் போவுது."

"சாவியக் குடு. ரெண்டே நிமிஷம், நான் விட்டுத் தரேன்."

மைர்னாவின் முகம் சிவந்ததை ஒரெஸ்ட் பார்த்தார். பல வருஷத்தில் அந்தச் சிவப்பை அவர் பார்த்ததில்லை. அவராக இருந்தால் கார்லிடம் சாவியைக் கொடுத்துவிட்டிருப்பார். ஆனால் மைர்னா ஜன்னலை ஏற்றிவிட்டார். டிரெய்லரை நேராக்கி ஓட்டிக்கொண்டுபோய், கழிப்பறைக்குப் பக்கத்தில் இருக்கும் ஜல்லி மைதானத்தில் நிறுத்தினார். பின் சீட்டைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"என் வீட்ட நான்தான் உள்ள விடணும். இன்னொருத்தன் விட்டுத் தந்து நான் படுத்துத் தூங்க மாட்டேன். இந்தத் தடவ என்னால முடியலைன்னா வித்துடலாம். பேச்சு மாற மாட்டேன்."

அவர் பேச்சு மாற மாட்டார் என்பதுதான் ஒரெஸ்ட்டின் பயம். விற்கலாம் என்று முதலில் சொன்னவர் அவர்தான். இப்போது அந்த வார்த்தையை மைர்னாவின் வாயால் கேட்டதும், சொல்லியிருக்கவே கூடாது என்று பட்டது.

மறுநாள் சனிக்கிழமை, பக்கத்து ஊர் மைதானத்தில் எல்லா நாட்டுத் திருவிழா. அந்த ஊரில் எத்தனை இனம் உண்டோ அத்தனை கூடாரம். உக்ரேனியக் கூடாரத்தில் அந்த வம்சத்துக்காரரான ஒரெஸ்ட்டை உட்காரவைத்து, உருளைக்கிழங்குப் பூரணம் வைத்துப் பெரோகி என்ற கொழுக்கட்டை மடிக்கச் சொன்னார்கள். கழுத்து திரும்பாதவருக்குத் தோதான வேலை. வெண்ணெயில் வெங்காயம் வதங்கும் வாசனைக்கே வரிசை நீண்டுவிட்டது. மைர்னா ஒரு தட்டு பெரோகி, அடுத்த கூடாரத்தில் லும்பியா என்ற பொரித்த சுருள், அதற்கடுத்ததில் பக்கோடா என்று சாப்பிட்டுக்கொண்டே போனவர், திடீரென்று மைதானத்து ஓரத்தில் நின்றுவிட்டார்.

அங்கே புல்வெட்டும் வண்டி ஒன்று, பின்னால் குட்டி டிரெய்லரைக் கட்டிக்கொண்டு நின்றது. கூடாரம் கூடாரமாக ஐஸ் மூட்டை கொண்டுபோய்க் கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். மைர்னா ஏறி உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் அவருடைய நல்ல மனசை மெச்சினார்கள். மாவுக் கையோடு நிமிர்ந்து பார்த்த ஒரெஸ்ட்டுக்கு மட்டும்தான் விஷயம் புரிந்தது. ஐஸை முன்பக்கமாகக் கொண்டுபோய் இறக்கினால் போதும். மைர்னா ஒவ்வொரு கூடாரத்துக்கும் ரிவர்ஸிலேயே போய்க்கொண்டிருந்தார்.

சும்மா சொல்லக் கூடாது, முதல் ஓட்டம் நாசம். பஞ்சாபிக் கூடாரத்தின் பெயர்ப் பலகை விழுந்தது.

"அம்மா, பக்கோடா வேணும்னா கேளுங்க, தரேன். கூடாரத்த ஏன் இடிக்கிறீங்க?" என்றார் நிர்மல் சிங்.

"உங்க பக்கோடாதாங்க இழுக்குது, நான் என்ன பண்றது!"

பிலிப்பைன் கூடாரத்து லிகாயா ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓரமாக ஓடினார். "அக்கா, குட்டி வண்டிதான் ரொம்பச் சேட்ட பண்ணும். சட்டுனு மடங்கிடும். பெரிய வண்டி இவ்ளோ மோசமில்ல."

மைர்னாவுக்கு இந்த வார்த்தை பால் வார்த்த மாதிரி இருந்திருக்க வேண்டும். வண்டியை நிறுத்தி யோசித்தார். ஒரெஸ்ட் கழுத்தைத் திருப்பி ஓட்டினார் என்பதற்காகத் தானும் ஏன் கழுத்தைத் திருப்ப வேண்டும்? மைர்னா பஸ் கண்ணாடியைப் பார்த்தே பிழைத்தவர். ஆரஞ்சுத் தோலை எறிந்தது எந்தப் பயல், பக்கத்துப் பெண்ணின் சடையை இழுத்தது எவன் என்று திரும்பாமலே கண்டுபிடித்தவர். நேராக உக்ரேனிய நடனப் பெண்களிடம் போனார். தலையில் பூவளையத்தைச் சரிசெய்துகொண்டிருந்தவர்களிடம் இரண்டு ஒப்பனைக் கண்ணாடிகளைக் கேட்டு வாங்கினார். புல்வெட்டும் வண்டியின் இரு பக்கமும் டேப் போட்டு ஒட்டினார். ஒன்றில் ரோஜா நிற விளிம்பு, ஒன்றில் ஜிகினா.

அடுத்த ஓட்டத்தில் சுற்றி நின்ற எல்லோரும் கை காட்ட ஆரம்பித்தார்கள். நிர்மல் சிங் விரலை மடக்கி வா என்றது ஒரு விதம். லிகாயா உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து அசைத்தது வேறு விதம். பெரோகிக்கு நின்ற வரிசை தன் பங்குக்குக் கத்தியது. மைர்னா பிரேக்கை மிதித்தார். பஸ்ஸில் அறுபது வாய்களை அடக்கிய குரல் வெளியே வந்தது.

"எல்லாரும் கையக் கீழ போடுங்க! அங்க பெரோகி மடிக்கிறாரே, அவரு கையத் தவிர வேற யார் கையையும் நான் பாக்க மாட்டேன்."

ஒரெஸ்ட் அப்படியே எழுந்து வந்தார். முழங்கை வரை மாவு. கண்ணாடிக்குள் அந்த வெள்ளைக் கைகள் பளிச்சென்று தெரிந்திருக்கும். எத்தனையோ வருஷம் அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தார், மைர்னா வெளியே நின்றிருந்தார். இப்போது வெளியே நிற்கும்போதுதான், அது எவ்வளவு பயமான வேலை என்று அவருக்குத் தெரிந்தது. வெயில் சாய்வதற்குள் மைர்னா இரண்டு கூடாரக் கயிறுகளுக்கு நடுவே, பின்பக்கமாக, எதையும் தொடாமல் போய் நின்றார். நிர்மல் சிங் ஒரு பொட்டலம் பக்கோடாவைக் குட்டி டிரெய்லரில் வைத்து, "இது பரிசு. பலகைக்குக் கணக்கு தனி" என்றார்.

சாயங்காலம் ஏரிக்கரையில் நாற்காலிகள் மறுபடி கூடின. மைர்னா பிக்கப்பின் பக்கக் கண்ணாடிகளை இழுத்து விரித்துச் சரிசெய்தார். தலை திரும்பவே இல்லை. ஒரெஸ்ட் உடம்போடு திரும்பித் திரும்பிக் கை காட்டினார். பாதி வழியில் டிரெய்லரின் பின்முனை பாப்ளர் மரத்தைத் தேடிப் போயிற்று. கார்ல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மைர்னா நிதானமாக முன்னால் எடுத்து, நேராக்கி, மறுபடி வந்தார். இரண்டு மரங்களுக்கும் நடுவே டிரெய்லர் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது. சக்கரம் தண்ணீரோரப் புல்லில் போய் நின்றது.

யாரோ ஹாரன் அடித்தார்கள். கார்ல் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். ஒரெஸ்ட்டுக்கு, என் பெண்டாட்டி என்று அந்த ஏரிக்கே கேட்கும்படி கத்த வேண்டும் போலிருந்தது. கத்தத் தெரியாத மனிதர். சக்கரத்துக்கு அண்டை கொடுக்கும் கட்டைகளை எடுத்துக்கொண்டு குனியப் போனார்.

"இரு, இரு. வைக்காத," என்றார் மைர்னா.

"ஏம்மா? சரியாத்தான இருக்கு?"

"சரியாத்தான் இருக்கு. தள்ளி நில்லு."

ஒரெஸ்ட் கட்டைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு விலகினார். மைர்னா டிரெய்லரை முழுசாக வெளியே இழுத்து, சாலை வரைக்கும் கொண்டுபோய், கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மறுபடி ரிவர்ஸ் போட்டார்.