படகுக்குப் போட்ட நகை

கடலையே பார்க்காத எங்கள் ஊரில் நங்கூரம் வைத்திருந்த ஒரே குடும்பம் நாங்கள்தான். கோமுகி அணையில் மீன் பிடிப்பதற்காக அப்பாவும் சித்தப்பாவும் கடலூர்ப் பக்கம் போய் ஒரு பழைய படகை வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். கூடவே நங்கூரமும் அதன் சங்கிலியும் வந்தன. "குட்டைக்கு இன்னாத்துக்குடா நங்கூரம்?" என்று ஊரே சிரித்தது. சித்தப்பா மட்டும் மீசையைத் தடவிக்கொண்டார்.

எனக்கு ஒன்பது வயதானபோது அத்தைக்குக் கல்யாணம் வந்தது. இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்துகொண்டிருந்த நேரம். பஸ் இல்லை, கள்ளக்குறிச்சியில் ஒரு கடை திறக்கவில்லை. மாப்பிள்ளை ஊர் அணைக்கு அந்தப் பக்கம், கல்வராயன் மலை அடிவாரத்தில். சுற்றி வரும் ரோட்டில் வழி நெடுக மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். அதில் பெரிய புளியமரம் சித்தப்பா வெட்டியது. சொந்தத் தங்கச்சி கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வருகிற வழி அது என்று வெட்டும்போது அவருக்கு ஞாபகம் வரவில்லையாம்!

அத்தைக்கு ஏற்கெனவே ஒரு இடம் தட்டிப்போயிருந்தது. இந்த முகூர்த்தமும் தவறினால் அவ்வளவுதான் என்று அத்தை இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. அப்பா ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார்: மாப்பிள்ளை படகில் வருவார்.

ஆனால் அந்தக் கரை முழுக்கப் பாறை. சற்றுத் தள்ளி நங்கூரம் போட்டு நிறுத்தி, பலகை வைத்துத்தான் ஆளை ஏற்ற வேண்டும். மலையைப் பார்த்துக் காற்று அடிக்கும்போது சங்கிலி அறுந்தால் படகு பாறையில் மோதிச் சுக்குநூறாகிவிடும். கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை அப்பா சங்கிலியைக் கரையில் போட்டுச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். பாதிச் சங்கிலி நன்றாக இருந்தது. மீதிப் பாதியில் வளையங்கள் தேய்ந்து, தட்டத் தட்ட முறுக்கு மாதிரி உடைந்தன.

அப்பா என்னைப் பார்த்துக் கத்தினார். "வூட்டுக்கு ஓடு. அப்பா சங்கிலி கேக்குறாருன்னு அம்மாகிட்ட வாங்கினு வா. சீக்கிரம்!"

ஓடினேன். வீடு நிறைய உறவுக்காரர்கள். அம்மா அடுப்படியில் இருந்தாள். மூச்சு வாங்கச் சொன்னதையே சொன்னேன். "அப்பா சங்கிலி கேக்குறாரு."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே வந்தபோது முந்தானையைக் கழுத்தைச் சுற்றி இழுத்துப் போர்த்தியிருந்தாள். ஒரு சின்னத் துணி முடிச்சை என் கையில் வைத்து, "யார் கேட்டாலும் காட்டாத. நேரா அப்பா கையில குடு" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. அடுப்புப் புகையாக இருக்கும் என்று நினைத்தேன்.

கரையில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க அப்பா முடிச்சை அவிழ்த்தார். உள்ளே அம்மாவின் தங்கச் சங்கிலி!

"டேய், இங்க பாருங்கடா! அண்ணி படகுக்கு நகை போட்டு அனுப்பிக்கிறாங்க!" என்று சித்தப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்பா கேட்டது மாட்டுக் கொட்டகையில் தொங்கிய சங்கிலி, கரும்பு வண்டியில் பாரம் கட்டுவது. மறியலில் ஆலைக்கு வண்டி போகாததால் அது சும்மா கிடந்தது.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. முடிச்சை மடியில் செருகிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். அப்பா ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். திரும்பி வரும்போது தோளில் வண்டிச் சங்கிலி இருந்தது. கண்கள் சிவந்திருந்தன.

தேய்ந்த பாதியை வெட்டி எறிந்துவிட்டு, நல்ல பாதியோடு வண்டிச் சங்கிலியை வைத்து போல்ட் போட்டு முடுக்கினார்கள். எட்டுப் பேர் பக்கத்துக்கு நான்கு பேராக நின்று இழுத்தார்கள். சித்தப்பா வழுக்கி விழுந்தார். சங்கிலி அசையவில்லை.

மறுநாள் காலையில் அப்பாவோடு நானும் படகில் போனேன். அந்தக் கரையை நெருங்கும்போது எங்கள் முதுகுப் பக்கமிருந்து காற்று கிளம்பியது. அப்பா நங்கூரத்தைத் தூக்கிப் போட்டார். படகு பாறையைப் பார்த்துத் திரும்பியது. சங்கிலி விறைத்துக் 'கிறீச்' என்றது. பாறைக்கு ஒரு முழம் இருக்கும்போது படகு நின்றது, நின்றேவிட்டது! கரையில் விசில் பறந்தது. மாப்பிள்ளை பலகையில் தடுமாறி வந்து ஏறினார். மேளக்காரர்கள் ஏறிய கையோடு அடிக்க ஆரம்பித்தார்கள். நாங்கள் நடு அணைக்கு வந்தபோது, இந்தக் கரையில் மரம் வெட்டிய கூட்டமெல்லாம் துண்டைச் சுழற்றி ஆடிக்கொண்டிருந்தது. அதன் பிறகு எங்கள் நங்கூரத்தைப் பார்த்து ஒருத்தரும் சிரிக்கவில்லை.

பந்தியில் அம்மாவைக் கிண்டல் செய்யாத ஆளில்லை. அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். சங்கிலி திரும்பவும் அவள் கழுத்தில் இருந்தது. அந்தக் கழுத்தில் முன்பு இரண்டு சங்கிலிகள் இருந்தன என்பதும், அதில் ஒன்றை விற்ற வருஷத்தில்தான் படகு வந்தது என்பதும் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

அன்றைக்கு நான் பெரிய மனுஷி மாதிரி கேட்டேன். "எந்தச் சங்கிலின்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"உங்கப்பா சங்கிலின்னு கேட்டா எனக்கு வேற எது தெரியும்?" என்றாள் அம்மா.

பாவம், அம்மாவுக்கு வண்டிச் சங்கிலி எங்கே தொங்குகிறது என்றுகூடத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.