முதுகுப் பக்கத்துக் கடல்

இன்று எங்கள் தையல் நிலையத்தில் ஒரு மெசினைத் திருப்பிப் போட்டோம்.

மருதமுனையில் பத்துப் பெண்களுக்கு நான் மேற்பார்வை. எனக்குத் தெரிந்த ஒரே முறை, பின்னால் நின்று சத்தம் போடுவது. என்னையும் அப்படித்தான் வேலை வாங்கினார்கள்.

உள்நாட்டுச் சண்டை முடிந்த பிறகு பாண்டிருப்பிலிருந்து வந்து சேர்ந்தவள் கோகிலா. நன்றாகத் தைப்பாள். ஆனால் அடிக்கடி திரும்பி ஜன்னலைப் பார்ப்பாள், சட்டைக் கொலர் கோணிவிடும். ஏசுவேன். இன்னும் கோணும்.

இன்று காலையும் ஏசத்தான் போனேன். ஏனோ பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"அப்படி என்னத்தப் புள்ள பாக்குறாய்?"

"கடலத்தான் மிஸ். அண்டைக்கு சுனாமியும் முதுகுப் பக்கத்தாலதான் வந்தது. நான் திரும்பிப் பாக்கல்ல."

எல்லா மெசினும் சுவரைப் பார்த்து இருக்க வேண்டும் என்பது என் சட்டம். ஐந்து மாதமாக அவளைக் கடலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்தவள் நான்தான்.

அவள் மெசினைக் கடல் பக்கம் திருப்பினோம். அதற்குப் பிறகு ஒரு கொலரும் கோணவில்லை.

"இனி ஒருத்தருக்கும் ஏசமாட்டன்" என்று அறிவித்தேன். அடுத்த மெசினில் இருந்த சரீனா பதறிவிட்டாள்.

"என்ட அல்லாஹ்! ராத்தா, நீங்க ஏசாட்டி எனக்குக் கையே ஓடாது. கோகிலாட பங்கையும் சேத்து எனக்கே ஏசுங்க."

கோகிலா சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நான் பார்த்தது இன்றுதான்.

சரீனாவுக்கு இரட்டைப் பங்கு கொடுத்தாயிற்று. மற்ற எட்டுப் பேரிடமும் நாளைக்கு ஒவ்வொருத்தியாகக் கேட்க வேண்டும்.

நீங்கள் எப்படி? ஏசினால் கை ஓடுமா, கேட்டால் ஓடுமா?