பூரண ஆயுள்

பொய் சொல்லித்தான் என் மகளுக்குக் கலியாணம் செய்து வைத்தேன்.

என் கணவரை நீங்கள் கொழும்பில், வெள்ளவத்தையில் கண்டிருக்கலாம். நடக்கும்போது உடம்பு தானாக ஆடும். குடிகாரன் என்றார்கள். ஒரு சொட்டும் குடித்தறியாதவர்! ஹன்டிங்டன் என்ற பரம்பரை நரம்பு நோய் அது. ஆட்டத்தைக் கொஞ்சம் குறைக்க மருந்துண்டு, நோயை நிறுத்த மருந்தில்லை. நடை, பேச்சு, நினைவு, கடைசியில் விழுங்கவும் முடியாமல்... அப்படித்தான் போய்ச் சேர்ந்தார்.

"பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பிருக்கு. வளர்ந்ததும் சொல்லுங்கோ. இரத்தம் சோதிக்கிறதோ இல்லையோ, அவ முடிவெடுக்கட்டும்," என்றார் டொக்டர்.

நான் சொல்லவில்லை. இரத்தத்துக்குப் பதிலாக அவளுடைய சாதகத்தைக் கொட்டாஞ்சேனைச் சாத்திரியாரிடம் கொண்டுபோனேன்! "பூரண ஆயுள், அம்மா," என்றார். அதையே பிடித்துக்கொண்டேன். என் கணவரின் சாதகத்திலும் அதேதான் எழுதியிருந்தது... மறந்தா போனேன்? இல்லை. மறக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் விசாரித்தபோது, லொறி மோதித் தலையில் அடிபட்டவர் என்றேன். நம்பினார்கள். தகப்பன் போனபோது சிறுபிள்ளையாக இருந்த மகளும் அதைத்தான் நம்பி வளர்ந்தாள்.

இப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. மூன்று மாதக் கைக்குழந்தை. போன கிழமை தேநீர் நீட்டும்போது அவள் விரல்கள் துள்ளின. அந்தத் துள்ளல் எனக்குத் தெரியாததா? ஐயோ, எத்தனை வருடம் பார்த்தது!

நேற்று நரம்பு டொக்டரிடம் போனோம்.

"குடும்பத்தில ஆருக்கும் இப்பிடி இருந்ததோ?"

"அப்பாவுக்கு இருந்தது டொக்டர். ஆனா அது லொறி அடிச்சதால. என்னம்மா?" என்று மகள் என் பக்கம் திரும்பினாள்.

அந்தக் கணத்திலாவது சொல்லியிருக்கலாமே! வாய் வரைக்கும் வந்தது...

"ஓம் பிள்ளை," என்றேன்.

டொக்டர் அதை எழுதிக்கொண்டார். சொன்னால் நோய் மாறாதுதான். ஆனால் அவள் அந்தக் குழந்தையைப் பெறுவதற்கு முன் யோசித்திருப்பாளே! அந்த உரிமையை அவளிடமிருந்து பறித்தவள் நான். என்னை என்ன செய்தால் தகும்? நீங்களே சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் மகள் ஒரு தாளை என்னிடம் தந்தாள். எழுத்துகள் கோணியிருந்தன. குழந்தை பிறந்த நாளும் நேரமும்.

"அம்மா, எனக்குப் பார்த்த சாத்திரியாரிட்டயே இவளுக்கும் சாதகம் எழுதுவிச்சுத் தாங்கோ."

இன்று கொட்டாஞ்சேனை பஸ்ஸில் இருக்கிறேன். தாள் என் கைக்குள் இருக்கிறது.