மூன்று மீட்டர் இருபது

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, எங்கள் லோதி ரோடு குவார்ட்டர்ஸில் யார் எவ்வளவு உயரம் எம்பித் தொடுகிறார்கள் என்பதற்கு ஒரு நோட்டு இருந்தது. எழுதுவது நான், அளப்பது பெரியப்பா.

பெரியப்பா திருநெல்வேலியில் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்று, எங்களோடு இருக்க வந்தவர். இளவயதில் மாநில அணிக்கு வாலிபால் ஆடியவர். ஊரில் அவர் நடந்து போனால் பழைய மாணவர்கள் சைக்கிளை விட்டு இறங்குவார்களாம். இங்கே பால் பூத் வரிசையில் அவருக்குப் பெயர்கூடக் கிடையாது. வந்த மூன்றாம் மாதம் பழைய தண்ணீர்க் குழாய்கள் இரண்டை நட்டு, வலை கட்டி, காலனிப் பையன்களை ஆட வைத்தார். அதன் பிறகுதான் ‘மாஸ்டர்ஜி’ ஆனார்.

விரலில் சாக்பீஸ் பொடி தொட்டுக்கொண்டு, பம்ப் ஹவுஸ் சுவரோரம் எம்பி, எட்டிய இடத்தில் அறைய வேண்டும். மூன்று வாய்ப்பு. பெரியப்பா ஸ்டூலில் ஏறி ஸ்டீல் டேப்பால் அளப்பார். நோட்டில் அவரே பென்சிலால் கோடு போட்ட ஐந்து கட்டங்கள்: எண், பெயர், உயரம், கையெழுத்து, குறிப்பு. கடைசிக் கட்டம் காலியாகவே கிடந்தது. இடம் வீண் என்று சொன்னேன்.

“கெடக்கட்டும், வேண்டி வரும்” என்றார்.

பள்ளியில் இதைவிட அதிகம் தொட்டதாக ஒரு பையன் சொன்னபோது, கண்ணெதிரே அளக்காததை எழுதக் கூடாது என்று மறுத்துவிட்டார். எனக்கு அந்தச் சட்டம் மிகவும் பிடித்துப்போனது.

ஒரு மாலை பதின்மூன்று பேரை எழுதி முடித்தேன். பன்னிரண்டாம் நம்பர் வீட்டு சர்தார் பையன் இருநூற்றுத் தொண்ணூற்றொரு சென்டிமீட்டர் தொட்டு முதலிடம். பெரியப்பா நோட்டை எட்டிப் பார்த்தார்.

“ஏட்டி, இதுக்கு மேல நம்ம பேரைப் போடு. முந்நூத்தி இருவது.”

அது அவர் ஆடிய காலத்தில் தொட்டது. வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமான எண்.

“யாரு அளந்தா, பெரியப்பா?” என்றேன்.

தமிழில் கேட்டதோடு நிறுத்தியிருக்கலாம். என்ன விஷயம் என்று சர்தார் பையன் விசாரிக்க, இந்தியிலும் விளக்கினேன். சட்டத்தையும் சேர்த்து. பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஹோ ஜாயே, மாஸ்டர்ஜி” என்றான் அவன், மரியாதையாகத்தான். ஒரு தடவை ஆகட்டுமே!

பெரியப்பா கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் தந்தார். செருப்பை ஜோடியாக விட்டார். முதல் எம்பலில் இருநூற்று ஐம்பத்து நான்கு. இரண்டாவதில் இருநூற்று ஐம்பத்தெட்டு. மூன்றாவதற்குப் பொடி தொட்டவர், சுவரை அண்ணாந்து பார்த்தார். பிறகு கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.

“இருநூத்தி அம்பத்தெட்டு. எழுதிக்கோ.”

எழுதினேன். கையெழுத்துப் போட்டார். அன்றே உயர வரிசைப்படி வேறு பக்கத்தில் பிரதியெடுத்தேன். பதினான்கு பேரில் அவர் பதினொன்றாவது.

மறுநாள் மாலை அவர் கீழே இறங்கவில்லை. முழங்கால் வலி என்றார். அடுத்த வாரமும் முழங்கால்தான். அதே முழங்காலோடு ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு நடந்துபோய் முருங்கைக்காய் வாங்கி வருவதை அம்மாவிடம் சுட்டிக்காட்டினேன். என்னடி நடந்தது என்று அம்மா கேட்டாள். நோட்டைக் காட்டினேன். பதினொன்றாம் வரியில் விரலை வைத்தாள்.

“அவர் சொன்னதைத்தான் ஒத்த வரி எழுதினா என்ன கொறைஞ்சு போச்சு?”

பட்டியல் தப்பாகிவிடும் என்றேன். தோற்றதற்குக் கோபித்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். கோடைக்குள் அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார். வலையைப் பையன்கள் பிய்யும்வரை வைத்திருந்தார்கள்.

இப்போது நான் ஒரு பரிசோதனைக் கூடத்தில் இரும்புச் சாமான்களின் பலத்தை அளக்கிறேன். சேர்ந்த வாரத்தில் ஒரு பழைய கிரேன் கொக்கி வந்தது. இளமையில் அது எவ்வளவு தாங்கியது என்று ஒரு தாளும் கூடவே வந்தது. நாம் அளக்காத இந்த எண்ணை என்ன செய்வது என்று மேலதிகாரியிடம் கேட்டேன். குறிப்புக் கட்டத்தில் எழுது, அதற்குத்தானே அது இருக்கிறது என்றார்.

பெரியப்பா இறந்து அப்போது இரண்டு வருஷமாகியிருந்தது. நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. பதினொன்றாம் வரியில் அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது. வேண்டி வரும் என்று அவர் சொன்னபோது, யாருக்கு என்று நான் கேட்கவில்லை.